சொல் தேடும் விளையாட்டு வீண்பொழுதா?

நீண்ட ஓர் ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதிலுள்ள எழுத்துகளை மட்டும் கொண்டு எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்று கேட்கும் விளையாட்டு நம் பள்ளிகளுக்குப் புதியதன்று. ஆசிரியை விடுப்பில் இருக்கும் பாடவேளைகளிலும், ஐப்பசி மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும் மாலைகளிலும் நம் அக்காமார் இதை ஆடியிருக்கிறார்கள். ஆயினும் பெரியவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. "படிக்கிற நேரத்தில் இதென்ன வெட்டி வேலை?" என்பது ஒன்று. "கைபேசியில் எழுத்துகளைத் தட்டினால் அதுவே பட்டியல் போட்டுத் தருமே, நீங்கள் ஏன் மண்டையைக் குடைந்துகொள்கிறீர்கள்?" என்பது மற்றொன்று. மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியராகிய எங்களால் இவ்விரண்டையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்பதை இம்மலரின் வழியே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஓர் அச்சுச் சங்கடம். மலரின் தமிழ்ப் பகுதியில் ஆங்கில எழுத்து தலைகாட்டக் கூடாது என்பது மலர்க் குழுவின் விதி. ஆகவே அவ்வெழுத்துகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுத வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்தால், 'பென்' என்பதன் முதலெழுத்தும் 'பஸ்' என்பதன் முதலெழுத்தும் ஒரே 'பி' ஆகிவிடுகின்றன. 'டேபிள்', 'டால்' இரண்டுக்கும் ஒரே 'டி'. தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பெண்ணுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஏன் இடறுகிறது என்பதை இந்தச் சங்கடமே பாதி விளக்கிவிடும். நம்மிடம் 'ப' ஒன்றுதான். 'பல்' என்னும்போது ஓர் ஒலியாகவும், 'அம்பு' என்னும்போது வேறோர் ஒலியாகவும் அது இடத்துக்கேற்ப மாறிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அவை இரண்டு தனி எழுத்துகள். காதை மட்டும் நம்பி எழுதுகிறவள் அங்கே தடுக்கி விழுவாள். கண்ணையும் நம்பப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவதற்கு இவ்விளையாட்டைப் போல் எளிய வழி வேறொன்றை நாங்கள் காணவில்லை.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் இதை 'டின்னவெல்லி' என்று எழுதினார்கள். டி, ஐ, இரண்டு என், இ, வி, மறுபடியும் இ, இரண்டு எல், ஒய் ஆகப் பத்து எழுத்துகள். இதற்குள் 'டென்' இருக்கிறது, 'நைன்' இருக்கிறது. ஆளிச்செடி நார்த் துணியாகிய 'லினன்' இருக்கிறது. பருப்பு வகையைக் குறிக்கும் 'லென்டில்' இருக்கிறது. கடல் நிலத்துக்குள் நுழையும் குறுகிய வாயாகிய 'இன்லெட்' கூட இருக்கிறது. இன்று வழங்கும் எழுத்துக்கூட்டலில் ஒய் போய்விட்டது. ஆர், யூ என்னும் இரண்டு புதிதாக வந்தன. இதனால் நேர்ந்த மாற்றத்தைக் கவனியுங்கள். பழைய பெயரில் 'என்வி', அதாவது பொறாமை, இருந்தது. புதிய பெயரில் அதற்கு இடமில்லை. பழையதில் கிடைக்காத 'வெர்ச்சூ', அதாவது நற்குணம், புதியதில் கிடைக்கிறது! எங்களுள் ஒருத்தி இதைக் கண்டுபிடித்தபோது வகுப்பே கைதட்டியது. தீமையைக் குறிக்கும் 'ஈவில்' மட்டும் இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நான்கு எழுத்துகளையே இடம் மாற்றி வைத்தால் வாழ்தலைக் குறிக்கும் 'லிவ்' ஆகும்; இன்னொரு முறை மாற்றினால் முக்காட்டைக் குறிக்கும் 'வெய்ல்' ஆகும்.

(2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பை ஒட்டி மாற்றி அறிவித்துச் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தூத்துக்குடி போன்ற பெயர்கள் அதில் மேலும் நீண்டிருந்தன. பலர் அந்த நீளத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எங்களைப் போன்ற சொல் தேடிகளுக்கு அது நட்டமே.)

இப்படித் தேடும்போது சில வழக்கங்கள் தாமாகவே கண்ணில் படுகின்றன. க்யூ வந்தால் பெரும்பாலும் யூ அதன் வாலைப் பிடித்து வரும். சி-கே என்னும் இணை சொல்லின் முதலில் வருவதில்லை. 'எஜுகேஷன்' என்ற சொல்லில் ஐந்து உயிரெழுத்துகளும் உண்டு. வணிகவியல் தோழியருக்கு உரிய 'புக்கீப்பர்' என்ற சொல்லில் இரட்டை எழுத்துகள் அடுத்தடுத்து மூன்று முறை வருகின்றன. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்து அடங்கிய சொற்களைத் தேடினால் 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பவ்' என்று ஐந்து கிடைக்கும். ஐந்திலும் அந்த நான்கெழுத்து ஐந்து விதமாக ஒலிக்கிறது. எழுதியதைப் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கும் நமக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஐந்தையும் ஒரே இடத்தில் வரிசையாகப் பார்த்தவளுக்கு மறக்காது. தனித்தனியே ஐந்து பாடங்களில் படித்து ஐந்து முறை சிவப்பு மை வாங்குவதைவிட இது மேலல்லவா?

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். சேரன்மகாதேவி, திசையன்விளை, ஸ்ரீவைகுண்டம் என்று பல திசைகளிலிருந்து வந்து, அறிவியல் பாடங்களை முதன்முறையாக ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள்கூட ஆங்கில வேளையில் தலையைக் குனிந்துகொள்கிறாள். "அவளுக்கு இங்கிலீஷ் வராது" என்று யாராவது ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தச் சொல் முத்திரைபோல் ஒட்டிக்கொள்கிறது. சொல் தேடும் விளையாட்டில் இந்த முத்திரை செல்லுபடியாவதில்லை. இங்கே உச்சரிப்பு வேண்டாம், இலக்கணப் பிழை வரும் என்ற அச்சம் வேண்டாம். எல்லாருக்கும் முன்னால் இருப்பவை அதே பத்து எழுத்துகள்தாம். பொறுமையாய்ப் பார்க்கிறவள் காண்கிறாள். சரளமாகப் பேசுகிறவர்கள் அவசரப்பட்டு ஆறு சொல்லோடு பேனாவை மூட, பேசாத பெண் இருபது சொல்லோடு எழுந்து நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

"இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கெதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. அவர்கள் சிந்துபூந்துறையை மறந்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் உள்ள அந்தச் சிந்துபூந்துறையைத்தான் சொல்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இலக்கணம் கற்க அங்கே வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் வந்தார் என்பது வரலாறு. தம்பிரான் அவரைச் சோதித்த விதத்தைப் பாருங்கள். 'கு' என்னும் எழுத்தில் தொடங்க வேண்டும், 'கு' என்னும் எழுத்திலேயே முடிய வேண்டும், நடுவே 'ஊருடையான்' என்ற சொல் வர வேண்டும். அப்படி ஒரு வெண்பா பாடு என்றாராம். எழுத்தைக் கொடுத்துச் சொல்லைத் தேடச் சொல்வதுதானே இது? சிவப்பிரகாசர் அந்த இடத்திலேயே பாடி மாணவராய்ச் சேர்ந்தார்.

கதை அதோடு நிற்கவில்லை. தம்மை இகழ்ந்து திரிந்த ஒரு புலவரைத் திருச்செந்தூரில் வென்று வர வேண்டும் என்று தம்பிரான் கேட்டாராம். பந்தயம், நிரோட்டக யமக அந்தாதி. நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லக் கூடிய எழுத்துகளை மட்டும் கொண்ட செய்யுள். ப, ம, வ ஆகிய மெய்களும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களும் வரவே கூடாது. யமகம் என்றால் ஒவ்வோர் அடியிலும் அதே எழுத்துத் தொடர் வேறு வேறு பொருளில் திரும்ப வர வேண்டும். அந்தாதி என்றால் ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வேண்டும். மூன்று விலங்கையும் ஒருசேரப் பூட்டிக்கொண்டு முப்பது செய்யுள்களைச் சிவப்பிரகாசர் முந்தி முடித்து வென்றார் என்று சொல்கிறார்கள். அந்த நூல் இன்றும் கிடைக்கிறது.

இதன் கடினத்தைக் கேட்டு வியப்பதோடு நில்லாமல், தோழியர் தாமே முயன்று பார்க்க வேண்டும். செந்தில் முருகனைப் பாட வந்தவருக்கு 'முருகன்' என்ற சொல் கிடையாது. முதலெழுத்திலேயே உதடு சேர்ந்துவிடுகிறது. 'செந்தூர்' ஆகாது, 'செந்தில்' ஆகும். 'திருநெல்வேலி' ஆகாது, 'நெல்லை' ஆகும். 'தாமிரபரணி'யும் ஆகாது, அதன் பழம்பெயராகிய 'பொருநை'யும் ஆகாது; வேண்டுமானால் 'ஆற்றங்கரை' என்று சொல்லிக்கொள்ளலாம். 'அம்மா', 'அப்பா' இருவரையும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டியதுதான். 'தாத்தா' உள்ளே வருவார். 'பாட்டி' வர மாட்டார். ஆனால் நம் பக்கத்து வழக்கப்படி 'ஆச்சி' என்று கூப்பிட்டால் வந்துவிடுவார்! 'அல்வா' கூடாது, 'சொதி' கூடாது, 'இட்லி' தடையில்லை. 'நிரோட்டகம்' என்ற பெயரே நிரோட்டகத்தில் வராது என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு மதிய உணவு வேளை முழுவதும் இப்படிச் சொற்களைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தமிழிலேயே எத்தனையோ சொற்களை அன்றுதான் முதன்முறையாக உற்றுப் பார்த்தோம்.

ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான ஒரு முயற்சி உண்டு. அம்மொழியில் மிகுதியாக வரும் எழுத்து இ. அந்த எழுத்து ஓரிடத்திலும் வராமல் ஐம்பதினாயிரம் சொற்களுக்கு மேல் கொண்ட 'காட்ஸ்பி' என்ற நாவலை எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 1939-ல் வெளியிட்டார். தட்டச்சுப் பொறியில் அந்த எழுத்தின் விசையைக் கட்டிவைத்துவிட்டு எழுதினாராம். அவர் நீக்கியது ஓர் எழுத்து. நம்மவர் நீக்கியவை எத்தனை என்று மேலே திரும்பி எண்ணிக்கொள்க.

வீரமாமுனிவரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. இத்தாலியிலிருந்து வந்து, அன்றைய நெல்லைச் சீமையின் காமநாயக்கன்பட்டியிலும் பணிபுரிந்தவர் அவர். 1732-ல் அவர் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் உண்டு. அவற்றுள் நான்காவதாகிய தொடையகராதிதான் எங்களுக்கு வேண்டியது. எதுகைக்கு வேண்டிய சொற்களை எழுத்து வாரியாகத் திரட்டித் தருவது அது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. 'கற்று' என்று எழுதிய புலவர் அதற்கு இணையாகப் 'பெற்று', 'உற்று' என்று தேடுகிறாரே, அந்தத் தேடலுக்கு அது துணைநூல். இன்ன இடத்தில் இன்ன எழுத்து வரும் சொற்கள் எவை என்று குறுக்கெழுத்துப் போட்டிக்காரர் கேட்கும் கேள்விக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அவர் தமிழைப் பிறந்த மொழியாகப் பெற்றவர் அல்லர். வளர்ந்தபின் வந்து கற்றவர். வெளியிலிருந்து ஒரு மொழிக்குள் நுழைகிறவனுக்கு எழுத்து ஒரு நல்ல வாசல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நாம் ஆங்கிலத்துக்குள் நுழைவதும் வெளியிலிருந்துதானே.

இனி, கைபேசியில் பட்டியல் வருகிறதே என்பவர்களுக்கு. வருகிறது, மறுக்கவில்லை. எழுத்துகளைத் தட்டியதும் இருநூறு சொற்கள் கொட்டும். அவற்றில் நூற்றைம்பது நமக்குப் பொருள் தெரியாதவை, தெரிந்துகொள்ளவும் நாம் நிற்பதில்லை. ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டம் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர் அதை உருவாக்கினார். செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணிக் கணக்கெடுத்தார். அதனால்தான் நூறு வில்லைகளில் இ மட்டும் பன்னிரண்டு. க்யூ ஒன்றே ஒன்று, அதற்குப் பத்துப் புள்ளி. எஸ் நிறைய இருந்தால் எல்லாவற்றையும் பன்மையாக்கிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று நான்கோடு நிறுத்தினார். இப்படி எண்ணிப் பார்த்துப் பார்த்துச் செய்த ஆட்டத்தைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆடுவது, வினாத்தாளோடு விடைத்தாளையும் வாங்கிக்கொண்டு தேர்வெழுதுவது போலத்தான்.

ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியல் இல்லாமலே, வெறும் நினைவாற்றலால் ஆடினாலும் மொழி வந்துவிடும் என்பதில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் வென்று வந்தார். அவருடைய மூளைக்கு நாங்கள் தலை வணங்குகிறோம். ஆனால் அது எங்களுக்கு வேண்டியதன்று. எழுத்து கிடைத்தது, சொல் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை என்றால் வகுப்பில் அதற்கு என்ன வேலை? ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம். கண்டுபிடித்த சொல்லின் பொருளைச் சொன்னால்தான் மதிப்பெண். தமிழிலும் சொல்லலாம், ஆங்கிலத்திலும் சொல்லலாம், முடியாவிட்டால் படம் வரைந்தும் காட்டலாம்.

இந்த விதியைப் பற்றித்தான் எங்களுக்கு ஒரு மனக்குறை. பள்ளிகளுக்கிடையே ஓரிடத்தில் நடந்த போட்டிக்கு எங்கள் தோழியர் இருவர் சென்றார்கள். அங்கே பொருளை ஆங்கிலத்தில் மட்டுமே விளக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். முப்பத்தொரு சொல் கண்டுபிடித்த பெண், 'லென்டில்' என்றால் பருப்பு என்று தெரிந்தும் அதை ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாமல் நின்றாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் பலவற்றை. பருப்பு என்று சொன்னவளுக்கா பொருள் தெரியாது? நாள்தோறும் அரிக்கிறாள், வேகவைக்கிறாள், கடைகிறாள்! இத்தகைய விதி சோதிப்பது சொல்லறிவை அன்று, பேச்சுச் சரளத்தை. சரளத்துக்குத் தனியே பேச்சுப் போட்டி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாய்க் கட்டினால், தயங்குகிறவள் மறுபடி தயங்குவாள். அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கவே மாட்டாள். அந்தத் தோழி கொடுக்கவில்லை.

பொருளைத் தமிழில் சொல்வதால் ஆங்கிலத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள், தமிழிலிருந்து போய் ஆங்கில அகராதியில் குடியேறிய சொற்களை ஒரு முறை பார்க்கட்டும். கட்டுமரம் 'கேட்டமரன்' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி இத்தகைய சொற்களால் நிரம்பியது. அவற்றுள் எங்களுக்குப் பிடித்தது 'முல்லிகட்டானி'. வேறொன்றுமில்லை, நம் மிளகுத்தண்ணீர்தான். காய்ச்சல்காரருக்கு ஆச்சி வைத்துக் கொடுக்கும் அதே மிளகுத்தண்ணீர் வெள்ளைக்காரர் மேசையில் சூப்பாக ஏறி உட்கார்ந்தது. எம், யூ, இரண்டு எல், ஐ, ஜி, ஏ, டி, மறுபடி ஏ, டபிள்யூ, என், ஒய் ஆகப் பன்னிரண்டு எழுத்துகள். இதில் 'அனிமல்' உண்டு, 'மியூட்டினி' உண்டு, 'கேலன்ட்' உண்டு. குற்றமுள்ளவனைக் குறிக்கும் 'கில்ட்டி'யும் உண்டு. பொறுமையாய்ப் பாருங்கள்: டி, ஏ, எம், ஐ, எல். 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் எழுதத் தேவையான ஐந்து எழுத்துகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் மிகச் சிறியவை. ஆங்கில இலக்கிய மன்றம் வரும் ஆண்டு நடத்தும் சொற்போட்டியில் பொருளைத் தமிழிலும் சொல்லலாம் என்று விதி வர வேண்டும். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய ஆங்கிலம்-தமிழ் அகராதி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அது மேசைக்கு வர வேண்டும். தாள் கிழிந்தால் ஒட்டித் தருவது எங்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் போதும். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.

முதல் வாரத்துக்கு உரிய சொல்லையும் இங்கேயே தந்துவிடுகிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் நம் ஆற்றின் குறுக்கே எட்டு இருக்கின்றன. கடைசியாக ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பது ஆங்கிலேயர் கட்டியது. அணைக்கட்டு என்பதைக் கேட்டு அவர்கள் எழுதிக்கொண்ட சொல் 'அனிகட்'. ஏ, என், ஐ, சி, யூ, 'டேபிள்' என்பதன் டி. ஆறே எழுத்துகள். மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல் கணக்கில் சேராது. மேலங்கியைக் குறிக்கும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் குறிப்பு. 'ஆன்ட்' என்று கண்டுபிடிக்கிறவள் பொருள் சொல்லும்போது அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லாரையும் சொன்னாலும் மதிப்பெண் ஒன்றுதான்.